மரச்செக்குக் கடலை எண்ணெய்: பெங்களூருக் கடைகளில் கேட்கிற விலைக்குத் தகுமா?

‘மரத காண’ (கன்னடத்தில் மரச்செக்கு) என்று பலகை மாட்டிய கடை இப்போது பெங்களூரில் பேட்டைக்கு ஒன்றாவது இருக்கிறது. ரீஃபைண்ட் பாக்கெட்டைவிட விலை நன்றாகவே கூடுதல். கண்ணெதிரே ஆட்டித் தருகிற கடையென்றால் அந்த விலை தகும். எங்கோ ஆட்டி, பாட்டிலில் அடைத்து அடுக்கியிருப்பதற்கு அவ்வளவு கொடுக்கத் தேவையில்லை.

விலையைச் சரிபார்ப்பது எளிது. செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 140 ரூபாய் என்று வைத்தால் பருப்புக்கே 350. ஏறக்குறைய ஒன்றரை கிலோ புண்ணாக்கு மிஞ்சும்; அதை விற்று வருவதில் ஆட்டுக்கூலி ஓரளவு ஈடாகும். அப்படியிருக்க, லிட்டர் 220க்கு ‘சுத்தமான செக்கு எண்ணெய்’ என்றால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். லிட்டரா கிலோவா என்றும் கேளுங்கள். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை 910 கிராம்தான்.

எண்ணெயைவிட முதலில் பார்க்க வேண்டியது பருப்பு மூட்டை. ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூஞ்சை பிடித்தது இருந்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். அது கல்லீரலைக் கெடுக்கும். ரீஃபைனரியில் காரமும் களிமண்ணும் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் அந்த வேலையே கிடையாது; ‘இயற்கையானது’ என்று சொல்வதால் நச்சு போய்விடாது. இதைச் சொல்லி விற்கிற கடைக்காரர் அரிது.

அடுத்தது சூடு. செக்கிலிருந்து வடிகிற எண்ணெய் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கை பொறுக்காத சூடும், தகடு தகடாக இறுகிய புண்ணாக்கும் வந்தால் உள்ளே ஓடுவது மரச்செக்கு இல்லை, திருகி நெருக்கிப் பிழிகிற இரும்பு எக்ஸ்பெல்லர்.

‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்ற அட்டைக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது கணக்கில் எடுக்கிற அளவுக்கு இருக்காது. செக்கானாலும் ரீஃபைண்டானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்வது 27 கிராம் எண்ணெய். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். ஐந்து லிட்டர் செலவாகிற வீட்டில் அளவைக் குறைத்தாலே கூடுதல் விலையில் பெரும்பங்கு ஈடாகிவிடும்.

தாளிப்பு, சட்னி, பொடிக்குக் குழைக்க, தோசைக்கு இதுதான் சரி; மணத்துக்காகவே வாங்கலாம். பூரி, வடை, பஜ்ஜி பொரிக்க வேண்டாம்: சீக்கிரம் புகையும், நுரைத்துப் பொங்கும்.

ஆட்டிய அன்றே வாங்கினால் கலங்கலாக இருக்கும். எவர்சில்வர் தூக்கில் இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்து, தெளிந்ததை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துக்கொள்ளுங்கள். கசடு கிடந்தால் சிக்கு வாடை சீக்கிரம் அடிக்கும். காய்ச்சும்போது சடசடவென்று வெடித்தால் ஆட்டும்போது தண்ணீர் அதிகமாகத் தெளித்திருக்கிறார்கள். அந்த எண்ணெயை முதலில் தீர்த்துவிடுங்கள், நாள்பட நிற்காது.