மெடிகேர், தனியார் காப்பீடு, ரொக்கம்: அமெரிக்க பிசியோதெரபி கிளினிக்கில் யார் கையைக் கட்டுவது எது?

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கு 22 நிமிடம் சிகிச்சை தந்தால் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டின் கணக்கில் ஒரு யூனிட், அதாவது பில் போடும் ஓர் அளவு. 23 நிமிடம் தந்தால் இரண்டு. அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை பிசியோதெரபிஸ்டுகள் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்பதை உள்ளே இருப்பவர்கள் அறிவார்கள். நானும் அப்படிப் பார்த்தவன்தான்.

அமெரிக்காவில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் பணம் வரும் வழிகள் முக்கியமாக மூன்று: 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர், தனியார் காப்பீட்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம், நோயாளியிடமே நேரடியாக ரொக்கம். எந்த வழி என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறிவிடுகிறது.

மெடிகேரின் குறை எல்லோரும் சொல்வதுதான்: தொகை குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் மெடிகேர் வைத்திருக்கும் புள்ளிகளை டாலராக மாற்றும் அடிப்படை எண் 2020இல் 36.09 டாலராக இருந்தது, 2025இல் 32.35 ஆகிவிட்டது. இதே காலத்தில் வாடகையும் சம்பளமும் ஏறின. ஒரே நாளில் தரும் இரண்டாவது யூனிட்டிலிருந்து, கிளினிக்கின் நடைமுறைச் செலவுக்கான பங்கில் பாதியை 2013 முதல் வெட்டுகிறார்கள். உதவித் தெரபிஸ்ட் செய்த சிகிச்சைக்கு 2022 முதல் 85 சதவீதம்தான். பத்து வருகைக்கு ஒரு முன்னேற்ற அறிக்கையும் எழுத வேண்டும்.

ஆனால் மெடிகேரில் ஒரு நல்ல விதி இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. நிமிடக் கணக்கில் பில் போடும் சிகிச்சையை ஒருவருக்கு ஒருவர் என்றுதான் தர வேண்டும். இருவரை ஒரே நேரத்தில் பார்த்தால் குழுச் சிகிச்சை என்று தனியாக, குறைந்த தொகைக்குத்தான் பில் போடலாம். பயிற்சி பெறாத உதவியாளர் செலவிடும் நேரத்துக்குப் பணமே கிடையாது. கிளினிக் முதலாளிக்கு இது சுமை. நோயாளிக்கோ இதுதான் காவல்.

தனியார் ஒப்பந்தங்களில் இந்தக் காவல் பெரும்பாலும் இல்லை. ஒரு வருகைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை தரும் ஒப்பந்தங்கள் உண்டு. இருபது நிமிடம் பார்த்தாலும் ஒரு மணி நேரம் பார்த்தாலும் அதேதான். அந்தத் தொகை செலவுக்குப் போதாதபோது முதலாளி செய்வது ஒன்றே: ஒரே அரை மணியில் இரண்டு பேருக்கு நேரம் கொடுப்பது. நான் வேலை பார்த்த ஒரு கிளினிக்கில் ஒருவருக்குத் தோள்பட்டையை அசைத்துக்கொண்டே, அறையின் மறுமுனையில் இன்னொருவர் குந்தி எழுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். குறிப்புகளை இரவு வீட்டில் உட்கார்ந்து எழுதுவேன். அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை.

சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்க வேண்டிய முன் அனுமதி அதைவிடக் கொடியது. தோள் தசைநாண் தைக்கப்பட்ட ஒருவருக்கு நாங்கள் பன்னிரண்டு வருகை கேட்டோம், ஆறுதான் கிடைத்தது. மீதிக்கு மறுபடி விண்ணப்பித்து அனுமதி வருவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. திரும்பி வந்தபோது தோள் இறுகிப்போயிருந்தது. அவருக்கு அது எவ்வளவு வலி என்று காப்பீட்டுப் படிவத்தில் எழுத ஒரு கட்டம்கூட இல்லை. அனுமதி கிடைத்தாலும், வருகைக்கு 50 டாலர் தன் பங்காகக் கட்ட வேண்டியவர் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் உதறிவிட்டு ரொக்க கிளினிக் தொடங்கும் இளைஞர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு மணி நேரம் முழுதும் ஒரே நோயாளி, அனுமதி கேட்கவோ நிலுவைக்கு அலையவோ தேவையில்லை. பெருநகரங்களில் 150, 200 டாலர் என்று வாங்குகிறார்கள். ஓட்டப்பந்தய வீரருக்கும் நல்ல சம்பளக்காரருக்கும் அது கட்டுப்படியாகும். மளிகைக் கடையில் நாள் முழுதும் நின்று முதுகு ஒடிந்தவருக்கு ஆகாது. இன்னொரு தடையும் உண்டு: மருத்துவர்கள் மெடிகேரிலிருந்து முறைப்படி விலகி நோயாளியிடம் நேரடியாகப் பணம் வாங்கலாம், பிசியோதெரபிஸ்டுகளுக்குச் சட்டம் அந்த உரிமையைத் தரவில்லை. ஆகவே எழுபது வயதுப் பெரியவர் கையில் பணத்தோடு வந்தாலும், மெடிகேர் ஏற்கும் சிகிச்சையை ரொக்க கிளினிக் அவருக்குத் தர முடியாது. மறுவாழ்வுச் சிகிச்சை மிகவும் தேவைப்படும் வயதினரே வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

என் தேர்வு: மெடிகேரை வைத்துக்கொண்டு, செலவுக்குக் கட்டாத தனியார் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக விடுவது. விட்டபின் அந்த நிறுவனங்களின் காப்பீட்டோடு வரும் நோயாளிகளிடம் அவர்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய கட்டணத்தை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுவது. முதியோர் நிறைந்த ஊரில் இது நடக்கும். ஒரே காப்பீட்டு நிறுவனம் ஊரையே கையில் வைத்திருக்கும் இடத்தில் அதை விட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். அங்கே தொகையை உயர்த்தக் கேட்டுப் போராடுவது தவிர வழி தெரியவில்லை.

தமிழ்நாட்டில் பிபிடி என்ற பிசியோதெரபி பட்டம் முடித்து, தகுதி மதிப்பீடும் உரிமத் தேர்வும் கடந்து இங்கே வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. விசா முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும்வரை சொந்த ரொக்க கிளினிக் எட்டாக்கனிதான். பெரும்பாலும் காப்பீட்டை நம்பிய கிளினிக்கில்தான் சேர்வீர்கள். நேர்காணலில் சம்பளத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள்: ஒரே நேரத்தில் எனக்கு எத்தனை நோயாளிகள்? குறிப்பு எழுதும் நேரம் வேலை நேரத்தில் சேருமா? முன் அனுமதிக்குத் தனி ஆள் உண்டா? பதில் மழுப்பலாக வந்தால், ஒரு நாள் அங்கே உட்கார்ந்து வேலையைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.