பழைய தகரத்துக்கு நெல்லா, காசா?

போன மாரிக்கு முன்னம் மட்டக்களப்பு ஆரையம்பதியில் ஒரு பழைய வீடு உடைத்துக் கொடுத்தேன். கூலிக்குப் பதில் சாமான் என்று பேச்சு. "அள்ளிக்கொண்டு போ மனே, இடம் வெளிச்சாப் போதும்" என்றார் வீட்டுக்காரர். பதினொரு தகரம், ஓடாத பிரிட்ஜ் ஒன்று, கால் ஆடும் தையல் மெசின், உரப்பை நிறைய வயர். இதைச் சோறாக்க எங்கட பக்கம் மூன்று வழி உண்டு: இரும்புக்கடை, தெருவில் வரும் பேசின்காரர், தேவைப்பட்ட ஆளைத் தேடிப்போய்ச் சாமானுக்குச் சாமான் மாற்றுவது.

பேசின்காரரை முதலில் முடித்துவிடுகிறேன். வாசலுக்கே வருவார், உடைந்த வாளிக்கும் அலுமினியச் சட்டிக்கும் புதுப் பேசின் தருவார். அலைச்சல் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் எத்தனை பேசினைத்தான் அடுக்குவது?

இரும்புக்கடையில் கையோடு காசு. ஆனால் அங்கே எல்லாமே எடைதான். ஓடக்கூடிய மெசினும் துருப்பிடித்த கம்பியும் ஒரே தட்டில் ஏறும். நான் முன்பு போன கடையொன்றில், வீட்டில் நிறுத்துக்கொண்டு போன இரும்பு அங்கே மூன்று கிலோ மெலிந்துவிட்டது. கேட்டால் "உங்கட தராசு பிழை தம்பி."

செம்புக்கு மட்டும் கடைதான் சரி. செம்பை உருக்கினாலும் செம்புதான். அதன் பெறுமதி எடையிலேயே இருக்கிறது. வயரைக் கொளுத்தி எடுக்காதீர்கள். கருகிய செம்புக்கு விலை குறைப்பார்கள், அந்தப் பிளாஸ்டிக் புகையும் நெஞ்சுக்கு நஞ்சு. கத்தியால் சீவி எடுக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. பிரிட்ஜின் கொம்பிரசரையும் கழற்றி அதோடு சேர்த்து விற்றேன்.

மிச்சமிருந்த பிரிட்ஜ் கூடு? கடையில் அது வெறும் தகரக் கணக்கு. எங்கள் ஒழுங்கையில் மீன் விற்கும் அண்ணர் ஒருவர் ஐஸ் போடும் ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டி உடைய உடைய வாங்கிச் சலித்தவர். கூட்டை மல்லாக்கப் படுக்கவைத்துக் காட்டினேன். கதவு மேல்மூடி ஆனது. சுவருக்குள்ளே கிடக்கும் போம் ஐஸைப் பிடித்து வைத்திருக்கும், அடியில் ஒரு துளை போட்டால் உருகிய தண்ணீர் வடியும். கதவு ரப்பரை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தவர் விலை கேட்கவே இல்லை. "கிழமைக்கு ரெண்டு நாள் கறிக்கு மீன், ரெண்டு மாசத்துக்கு" என்றார். சில நாள் சூடை, சில நாள் கீரி, ஒரே ஒரு நாள் பாரை. கடைக்காரர் தந்திருக்கக்கூடிய காசு முதற்கிழமை மீனுக்கே காணாது.

தகரம் வாவிக்கு அங்கால், வயல் பக்கமான படுவான்கரைக்குப் போனது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு மெசின்) சாமான் ஏற்றுவது லேசு. வயல் வாடிக்குக் கூரை தேடிய ஒருவர் இரண்டு மூடை நெல் என்றார், ஆனால் வெட்டினபிறகுதான். இங்கே காலம்தான் விலையைத் தீர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கும்போது தகரம் வைத்திருப்பவன் ராசா, நெல் வைத்திருப்பவன் கை இறுகியிருக்கும். மாசி, பங்குனியில் பெரும்போகம் வெட்டி முடிய நிலைமை தலைகீழ். ஆகவே தகரத்தை மழைக்கு முன் கொடுத்து நெல்லை அறுவடையில் வாங்குவது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். பழைய பால்மாப் பேணிகளையும் கேட்டு வாங்கினார். வேலியில் கோத்துவிட்டால் யானை முட்டும்போது சத்தம் வருமாம்.

குறையும் உண்டு. நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். வெள்ளம் வந்து வயல் அழிந்திருந்தால் அந்த மனிதரிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது? வந்த நெல்லும் ஈரம். பாயில் பரப்பி மூன்று நாள் கோழி கலைத்தேன். ஆலையில் குற்றுகூலியும் காசாகத்தான் கேட்டார்கள்.

2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் கணக்கில் பணவீக்கம் நூற்றுக்கு 69.8, உணவுக்கு மட்டும் 94.9. அந்த நாட்களில் காசை வைத்திருந்தவன் ஏமாந்தான், தகரத்தை வைத்திருந்தவன் தப்பினான். பண்டமாற்றைப் புகழ்கிறவர்கள் இன்னும் அந்த ஆண்டையே சொல்கிறார்கள். 2024 செப்டெம்பரில் அதே சுட்டெண் முந்திய ஆண்டைவிட 0.5 வீதம் இறங்கியே இருந்தது. காசு இப்போது அப்படிக் கரைவதில்லை. கரண்ட் பில்லோ 2023 பெப்ரவரியில் 66 வீதம் ஏறியபோது நெல்லைக் கொடுத்துக் கட்ட வழியிருக்கவில்லை.

அதனால் நான் கலந்துதான் ஓட்டுகிறேன். செம்பு, பித்தளை, முறிந்த இரும்பு கடைக்கு. அந்தக் காசு பில்லுக்கும் மருந்துக்கும். இன்னொருவர் கையில் வேலை செய்யக்கூடியதைத் தராசில் வைப்பதே இல்லை.

தையல் மெசின் இன்னும் விறாந்தையில் நிற்கிறது. பின்வளவு அக்கா இரண்டு தரம் வந்து சில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் சீருடைத் துணி சும்மா தருகிறார்கள், தைகூலிதான் நம்மட தலையில். என் இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்று வருசம் தைத்துத் தருகிறேன் என்கிறார். நான் நான்கு கேட்டிருக்கிறேன். "பெல்ட்டையும் நீயே தேடிப் போட்டுத் தந்தா யோசிப்பம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.