801 ஸ்கைவிங் மெஷினோடு ஆறு வருஷம்: நான் தின்ற கத்திகளும் ஒரு வெள்ளைக் கல்லும்

முதல் இரண்டரை வருஷத்தில் மூன்று கத்தியைச் சாணை பிடித்தே தின்றுவிட்டேன். வெட்டித் தேய்ந்தவை அல்ல, நானே தீட்டித் தேய்த்தவை. தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கும் இந்த ஸ்கைவிங் மெஷினை வாங்க யோசிக்கிறவர்கள் அந்தக் கணக்கைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குப் பின்னால் தகரம் இறக்கிய கொட்டில்தான் என் பட்டறை. பேர்ஸ், பெல்ட், ஓடருக்குக் கைப்பை. 2019 கடைசியில் பாவித்த 801 மொடல் ஒன்று கிடைத்தது. அதுவரைக்கும் விளிம்பு முழுக்கக் கையால், ஒரு பளிங்குத் துண்டின் மேல் வைத்துச் சீவியதுதான். பேர்ஸின் விளிம்பை மடித்து நூல் அடிப்பதென்றால், 1.2 மில்லிமீற்றர் ஆட்டுத்தோலை ஓரத்தில் ஒரு 8 மில்லிமீற்றர் அகலத்துக்கு 0.6 ஆக்க வேண்டும். கையால் ஒரு நாளைக்கு எத்தனை ஓரம் அப்படிச் சீவலாம்? ஆறாவது பேர்ஸில் பெருவிரல் சொல்லிவிடும்.

பார்த்திராதவர்களுக்கு: மேசை தையல் மெஷின் மேசைதான். மேலே, கிண்ணத்தைப் பக்கவாட்டில் சரித்து வைத்த மாதிரி வட்டமாகச் சுற்றும் கத்தி. பெல் கத்தி என்போம். அதன் வாய்க்குள், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒரு சின்னக் கல் உருளை. தோலின் முகம் மேலே, சதைப்பக்கம் கீழே இருக்கும்படி கொடுத்தால் கல் இழுக்கும், பாதம் மேலிருந்து அமுக்கும், நடுவில் கத்தி அரியும். நல்ல தோல் கத்தியின் முதுகில் ஏறி வெளியே வரும். சீவல் கத்தியின் வயிற்றுக்குள் விழும். இது ஜேர்மனிக்காரரின் ஃபோர்ச்சூனா மெஷின் வழியில் வந்த அமைப்பு. 801 என்று விற்பதெல்லாம் அந்தச் சாயலில் செய்த மலிவுப் பதிப்புகள்.

விற்றவர் எனக்குச் சொல்லித்தந்தது ஒரே ஒரு பாடம்: "வெட்டாவிட்டால் சாணை பிடியுங்கோ." நானும் பிடித்தேன். தோல் திக்கித் திக்கிப் போனால் சாணை. ஓரம் அலை அலையாக வந்தால் சாணை. செம்மறித்தோல் சுருண்டு கத்திக்கும் பாதத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டால், சாணையோடு சேர்த்து ஒரு கெட்ட வார்த்தையும். தீட்டினவுடன் பத்து நிமிஷம் நன்றாக ஓடும், பிறகு பழைய கதை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் மெஷின் சும்மா கிடந்தது. கிராண்ட்பாஸ் பக்கத்தில் சப்பாத்துத் தைத்து வயதான ஒரு சிங்களப் பாஸ், துண்டுத் தோல் வாங்க வந்தவர், நான் மூன்றாவது கத்தியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைக் கண்டு உள்ளே குனிந்தார். நகத்தால் உருளையை ஒரு தட்டுத் தட்டினார். "மல்லி, பிஹிய நெவெய், கல பலன்ன" என்றார். தம்பி, கத்தியை இல்லை, கல்லைப் பார்.

கல் கண்ணாடி மணி மாதிரி வழுவழுப்பாக இருந்தது. குரோம் உப்பில் பதனிட்ட தோலின் எண்ணெயும் தூளும் துளைகளை அடைத்து, மேலே மெருகேறிப் போயிருந்தது. அது தோலைப் பிடிப்பதில்லை, சறுக்குகிறது. சறுக்குவதால் நான் கையால் தள்ளுகிறேன், தள்ளினால் தோல் மடிகிறது. புதிதாகத் தீட்டிய கத்தி அந்தக் குறையைக் கொஞ்ச நேரம் மறைத்தது, அவ்வளவுதான். இரண்டரை வருஷமாக நான் வைத்தியம் செய்தது வேறு நோயாளிக்கு.

பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடையில் சாணைக்கல் துப்புரவாக்கும் கரடுமுரடான குச்சிக்கல் வாங்கினேன். கரண்ட் வந்த நேரம் மெஷினை ஓடவிட்டு உருளையின் மேல் லேசாகப் பிடித்து, மெருகை எடுத்தேன். மெருகு போனால் மட்டும் காணாது. உருளையின் வளைவு கத்தியின் உள்வளைவோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு தோல் கோணலாகப் போகும். கத்திக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு கடதாசி போய்வரும் இடைவெளி விடுகிறேன். தொட்டால் போச்சு. அந்த 'கிர்ர்ர்' சத்தத்தை ஒருதரம் கேட்டால் மறக்க மாட்டீர்கள், கத்தி வாய் முழுக்கப் பல் விழுந்திருக்கும்.

மற்ற அளவுகளுக்கெல்லாம் நான் பாதத்தைத்தான் தலையாக வைத்துக்கொள்கிறேன். கத்தி வாய்க்கும் பாதத்துக்கும் அரை மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். சாணை பிடிக்கப் பிடிக்கக் கத்தி குறுகும், இடைவெளி கூடும். அதற்குத்தான் கத்தியை முன்னால் தள்ளும் குமிழ் இருக்கிறது. தள்ளினால் வாய் பழைய இடத்துக்கே வருவதால் உருளையைத் திரும்பத் தொட வேண்டியதில்லை. நான் ஆரம்பத்தில் இந்தக் குமிழைத் தொடவே பயந்தேன். தடிப்பு, சரிவு, அகலம் மூன்றையும் பிறகுதான் பார்ப்பது. அவை வேலைக்கு வேலை மாறும், அதை ஐந்து நிமிஷத்தில் பழகிக்கொள்ளலாம்.

சாணைக்கு வருவோம். சரிவு கத்தியின் உள்பக்கத்தில். சாணைக்கல்லும் உள்ளிருந்துதான் தொடும். மெஷினை ஓடவிட்டு, கல்லை மயிரளவாகக் கிட்டக் கொண்டுபோங்கள். முதலில் காதுக்குத்தான் தெரியும், ஒரு மெல்லிய சீறல். பிறகு ஊதுபத்தி நுனி மாதிரிச் சிறிய பொறி. அதோடு நிறுத்தி நாலைந்து செக்கன் பொறுத்து, கல்லைப் பின்வாங்கிவிட வேண்டும். பொறி விட்டு விட்டு வந்தால் கத்தி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். கழற்றி, அடியில் தோல்தூள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒருதரம் கொட்டைப்பாக்கு அளவு தூள் அமுங்கிக் கிடந்தது. பொறி மழையாகக் கொட்டினால் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் அது கத்தி கரைகிற அழகு. வாய் நீலம் பாய்ந்தால் பதமும் போய்விடும், நீலம் பாய்ந்த அந்த இடம் முழுக்கத் தீட்டி எடுக்கும்வரை வெட்டாது. சாணைக்கல்லிலும் மெருகேறும், அதே குச்சிக்கல்லால் அதையும் கிளறிவிட வேண்டும்.

சாணைக்கல் சரிவில் எங்கே படுகிறது என்று தெரியாவிட்டால், சரிவு முழுக்க மார்க்கர் பேனையால் பூசிவிட்டு ஒரு செக்கன் தொடவிடுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் படுகிறது. வாயில் மை அப்படியே இருந்தால் நீங்கள் கத்தியின் குதிகாலைத் தீட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனித்தான் நான் வருஷக்கணக்காகச் செய்யாமல் விட்ட வேலை. உள்ளே தீட்டினால் வெளிப்பக்கம் பிசிர் எழும். கண்ணுக்குப் படாது. மெஷினை நிறுத்தி, சுற்றுவது முற்றாக நின்றபின், விரல் நுனியை வெளிப்பக்கத்தில் விளிம்பை நோக்கி வருடினால் தட்டுப்படும், கறிவேப்பிலைக் காம்பைத் தடவுவது மாதிரி. தோலின் நல்ல பாதி வழுக்கிப்போவது அந்தப் பக்கத்தால்தானே, பிசிர் அதைக் கிழித்துக்கொண்டே இருக்கும். கத்தி ஓடும்போது நைஸான குச்சிக்கல்லை வெளிப்பக்கத்தோடு தட்டையாக, அமுக்காமல் வைத்தெடுத்தால் போதும். கல்லைச் சரித்தால் வெளியிலும் ஒரு சரிவு உண்டாகிவிடும், அதைவிடப் பிசிரே மேல். நான் இப்போது சாணை பிடிப்பது முன்பு பிடித்ததில் கால்வாசிகூட இல்லை. பெரும்பாலும் பிசிர் எடுத்தாலே காரியம் முடிந்துவிடுகிறது.

மோட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறுமல் தாங்காமல் 2021இல், சும்மா இருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் கிளட்ச் மோட்டாரை எடுத்துவிட்டு, மிதித்தால் மட்டும் சுற்றும் சேர்வோ மோட்டார் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா நிம்மதியாகிவிட்டார். ஆனால் என் மெஷினில் கத்தியும் உருளையும் ஒரே மோட்டாரில். வளைவான துண்டுக்கு வேகத்தைக் குறைத்தால் கத்தியும் சோர்ந்துபோய் அரிவதற்குப் பதில் கடிக்கிறது. ஆகவே ஓரளவுக்கு மேல் குறைப்பதில்லை. வேகத்தைக் கை பழகத்தான் வேண்டும்.

துருவும் ஒரு தொல்லை. துறைமுகத்துக் காற்று இங்கே வரைக்கும் வரும். மழை நாட்களில் இரண்டு நாள் ஓடாமல் விட்டால் கத்தியில் செம்புள்ளி. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். அந்தத் துணி உருளையில் பட்டுவிடக் கூடாது, பட்டால் கல் திரும்பவும் சறுக்கத் தொடங்கும். கத்தி வயிற்றில் சேரும் சீவலை மூங்கில் குச்சியால் எடுப்பேன், அதுவும் நிறுத்திவிட்டு. சாணை பிடிக்கும்போது கம் டின்னை மூடி அறைக்கு வெளியே வைத்துவிடுவேன். தோல்தூள் கிடக்கும் இடத்தில் பொறி பறக்க நாங்கள்தானே வழி செய்கிறோம்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மாதத்துக்கு ஐந்தாறு பேர்ஸ் செய்பவர் என்றால் வேண்டாம், நல்ல கைக்கத்தி போதும். அதற்கு மேல் என்றால் வாங்குங்கள், பாவித்ததையே வாங்குங்கள். பார்க்கப் போகும்போது உங்கள் தோலில் இரண்டு வகை கொண்டுபோங்கள், ஒன்று கட்டாயம் மெல்லிய செம்மறியாக இருக்கட்டும். விறைப்பான மாட்டுத்தோலைப் பழுதான மெஷினும் அழகாகச் சீவும். கத்தித் தண்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். என்னுடையதில் ஆட்டம் இருந்தது, பெயாரிங்கைப் பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் கடைகளில் தேடித்தான் பிடித்தேன்.

டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குக் கிட்டப் போன அந்த மாதங்களில்தான் நாலாவது கத்தி வாங்கினேன். காசு எண்ணிக் கொடுக்கும்போது முதல் மூன்றும் கண்ணுக்குள் வந்துபோயின. மெஷினில் இன்றைக்கும் ஓடுவது அந்த நாலாவதுதான். முன்தள்ளும் குமிழில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. குச்சிக்கல்தான் தேய்ந்து சுண்டுவிரல் அளவாகிவிட்டது, வருகிற கிழமை சோனகத் தெருவுக்குப் போக வேண்டும்.