ஆடியோ ஐசி போச்சுன்னு 7,400 ரூபாய் வாங்கினாங்க, ஐசியைத் தொடவே இல்லை: கடலூர், பாண்டி மக்களே உஷார்

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன், நாளைக்கே வேறு யாராவது அங்கே போய் நிற்கக் கூடாது. பாண்டியில் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விற்பனையும் சர்வீஸும் சேர்த்து நடத்துகிற கடை. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட்ஸ் வாங்கி நானே அசெம்பிள் செய்த சிஸ்டம். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். என் மனைவி அதில்தான் ஆன்லைனில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். திடீரென்று ஹெட்போன், மைக் இரண்டிலும் ‘ம்ம்ம்’ என்று உறுமல். மவுஸை நகர்த்தினால் கீச்சென்று இழுக்கும். சுருதிப் பெட்டியோடு அந்த உறுமலும் கலந்து போனால் குழந்தைகள் எதைப் பிடித்துப் பாடும்? கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஷாக் வேறு. கடையில் இறக்கி வைத்ததும் முதலில் சொன்னது இந்த ஷாக்கைத்தான். அழுத்திச் சொன்னேன்.

“அதெல்லாம் மெட்டல் கேபினெட்ல லேசா இருக்கும்ணே. உங்களுக்கு ஆடியோ ஐசி போயிடுச்சு. எஸ்எம்பிஎஸ்ஸும் வீக்கு. ரெண்டையும் மாத்திட்டா சுத்தமா நின்னுடும்” என்றார் கடையில் இருந்தவர். ஆடியோ ஐசி என்றால் போர்டில் ஒலியைக் கவனிக்கும் சிப், எஸ்எம்பிஎஸ் என்றால் சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி.

நம்ப வைத்த விதத்தைச் சொல்கிறேன். போர்டைக் கழற்றி, லென்ஸ் வைத்த விளக்குக்கு அடியில் பிடித்து, ஒரு சின்னச் சதுரச் சிப்பைக் காட்டி “இதாண்ணே வில்லன்” என்றார். டீ வரவழைத்தார். வேலை முடிந்தது என்று போன் வந்து நான் போனதும், ஹெட்போனை அவரே என் காதில் மாட்டிவிட்டார். பொட்டுச் சத்தம் இல்லை. “ஆறு மாசம் என் பொறுப்புண்ணே” என்று தோளைத் தொட்டுச் சொன்னார். எஸ்எம்பிஎஸ் 4,200, ஐசி 2,500, சர்வீஸ் 700. ஆக 7,400 ரூபாய், அங்கேயே ஜிபே. பில் கேட்டேன், சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கேட்டேன், “டெட்டுண்ணே, ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு” என்றார்.

அன்று ராத்திரியே வீட்டில் அதே உறுமல். அதே ஷாக்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. டிரைவரை மறுபடி போடுங்க. விண்டோஸை மாத்துங்க. ஓனர் சென்னை போயிருக்காரு. கடைசியில் “உங்க வீட்டு கரண்ட் சரியில்லண்ணே, அதுக்கு நாங்க என்ன பண்றது?” என்று போனை வைத்துவிட்டார். கரண்ட் சரியில்லை என்று தெரிந்த மனுஷன் எதற்கு ஐசிக்கு 2,500 வாங்கினார்? பில் கேட்டு நான் அனுப்பிய மெசேஜுக்கெல்லாம் ப்ளூ டிக் மட்டும்தான்.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் மல்டிமீட்டரோடு வந்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். எர்த் துளையில் வைத்தால் முள் எங்கேயும் நிற்கவில்லை. மீட்டர் பெட்டியிலிருந்து தரைக்குப் போகும் எர்த் கம்பி, உப்புக்காற்றில் அரித்து கிளாம்ப் பக்கத்திலேயே அறுந்து கிடந்தது. எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் பில்டர் கெப்பாசிட்டர் வழியாக கேபினெட் பாடிக்குக் கிட்டத்தட்ட பாதி வோல்ட் ஏறி நிற்குமாம். ஷாக்குக்கும் உறுமலுக்கும் காரணம் அதுதான். புதுக் கம்பி, கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. உறுமல் அந்த நிமிடமே நின்றது.

மிச்சமிருந்தது மவுஸ் கீச்சு. முன்பக்க ஆடியோ ஜாக்கின் ஒயர் கிராபிக்ஸ் கார்டை ஒட்டி ஓடுகிறது. அதை எடுத்து போர்டின் அடி ஓரமாகச் சுற்றிக் கட்டினேன், முக்கால்வாசி குறைந்தது. ஹெட்போனைப் பின்பக்க ஜாக்கில் மாட்டினால் அதுவும் இல்லை. கடையில் என் காதில் மாட்டியது பின்பக்க ஜாக்கில். அங்கே எர்த்தும் நன்றாக இருக்கிறது. எந்த ஐசியையும் மாற்றாமலே அங்கே சத்தம் வந்திருக்காது!

சந்தேகத்தில் போர்டை, சிப் லெவல் வேலை பார்க்கும் நண்பரிடம் காட்டினேன். ஆடியோ ஐசியின் கால்களில் கம்பெனி சால்டர் அப்படியே இருக்கிறது, மறுபடி சால்டர் வைத்தால் படியும் பிளக்ஸ் கறைகூட இல்லை, யாரும் தொட்டதே இல்லை என்றார். தொடாத ஐசிக்கு 2,500. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பெயர் தெரியாத ஒன்றுக்கு 4,200. சர்வீஸையும் சேர்த்து மொத்தம் 7,400 ரூபாய். பாட்டு வகுப்பில் வந்த காசு அது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். கேபினெட் ஷாக் அடித்தால் கடைக்குத் தூக்காதீர்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள், அது உயிர் விஷயம். எர்த் பின் இல்லாத டூ பின் அடாப்டர் போட்டு ஓட்டாதீர்கள். உறுமல் பின்பக்க ஜாக்கிலும் வருகிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி சவுண்ட் கார்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், அதில் உறுமல் இல்லையென்றால் பெரிய ரிப்பேருக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கழற்றிய பார்ட்டைக் கையில் கொடுத்தால்தான் பணம். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, நான் அதில்தான் பதிவு செய்திருக்கிறேன்.

என் பழைய எஸ்எம்பிஎஸ் 650 வாட்ஸ், கோல்டு ரேட்டிங். அதன் சீரியல் நம்பர் நான் வாங்கிய பில்லில் இருக்கிறது. பாண்டி, கடலூர் பக்கம் யாராவது அப்படி ஒன்றை செகண்ட் ஹேண்டில் விற்க வந்தால் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.