முட்டிச் சில்லில் குருத்தெலும்பு வைத்தால் எத்தனை வருஷம் தாங்கும்?

முதலில் ஒரு பழைய கணக்கு. நோயாளியின் குருத்தெலும்பிலிருந்தே செல் எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, சேதமான இடத்தில் திரும்ப வைக்கும் முறையைச் சுவீடனின் கோத்தென்பர்க் மருத்துவர்கள் 1994-இல் உலகுக்குச் சொன்னார்கள். தொடை எலும்பின் முனையில் செய்த 16 பேரில் 14 பேருக்கு இரண்டு வருஷம் கழித்தும் நல்ல பலன். முட்டிச் சில்லில் செய்த 7 பேரில் 2 பேருக்குத்தான். செய்ததும் அதே குழு, முறையும் அதேதான். ஆகவே, "முட்டி குருத்தெலும்பு ஆபரேஷன் இத்தனை சதவீதம் வெற்றி" என்று யாராவது சொன்னால், அது எந்த எலும்பில் என்று கேட்டுவிட வேண்டும்.

சில்லு, தொடை எலும்பின் பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. அது வெளிப்பக்கமாகச் சாய்ந்தே ஓடினால், பழையது தேய்ந்த அதே இடத்தில் புதிதாக வைத்ததும் உரசும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் நிலைமை மாறியது. முட்டிக்குக் கீழே விரல் வைத்தால் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். சில்லின் தசைநார் அங்கேதான் முடிகிறது. தேவைப்படுபவர்களுக்கு அந்த மேட்டை வெட்டி, சற்று உள்பக்கமாகவும் முன்னேயும் நகர்த்தி ஸ்க்ரூ போடுகிறார்கள். சில்லு ஓடும் தடம் திருந்துகிறது, அழுத்தமும் குறைகிறது.

அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு, சில்லில் செல் வைத்த 110 பேரைக் குறைந்தது நான்கு வருஷம் பின்தொடர்ந்தது. தோல்வி 9 பேருக்கு. மறுபடி இதே முடிவை எடுப்போம் என்றவர்கள் 92 சதவீதம். என் கணக்கில், பெரிய சேதத்துக்கு இன்று கையில் இருக்கும் நல்ல ஆதாரம் இதுதான். சங்கடம் ஒன்று உண்டு: குருத்தெலும்பு எடுக்க ஒரு ஆபரேஷன், சில வாரம் கழித்து வைக்க இன்னொன்று. செலவும் அதற்கேற்பத்தான்.

அடுத்தது மொசைக்பிளாஸ்டி. தொடை எலும்பின் ஓரத்திலிருந்து குருத்தெலும்பும் எலும்புமாகச் சின்னச் சின்ன உருளைகள் குடைந்தெடுத்து, சேதமான இடத்தில் செருகுவார்கள். ஒரே ஆபரேஷனில் முடிந்துவிடும். ஆனால் உடம்பிலேயே தடித்த குருத்தெலும்பு சில்லில்தான் இருக்கிறது. கொண்டுவரும் உருளையில் அது மெல்லியது. மேற்பரப்பு சமமாக இருந்தாலும் அடியில் எலும்பும் குருத்தெலும்பும் சந்திக்கும் கோடு ஒத்துப்போகாது. முறையைப் பரப்பிய ஹங்கேரியின் ஹங்கோடி குழுவே 2003-இல் தொடை எலும்பு முனையில் 92 சதவீதம், சில்லும் அதன் பள்ளமும் சேர்ந்த பகுதியில் 79 சதவீதம் நல்ல பலன் என்றுதான் எழுதியது. லண்டனில் இதையும் செல் முறையையும் ஒப்பிட்ட ஆய்வு இன்னும் கடுமை: சில்லில் செய்த ஐந்தும் தோல்வி. முட்டியின் எல்லா இடங்களையும் சேர்த்துப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது மொசைக்பிளாஸ்டியில் 42-க்கு 23 தோற்றிருந்தன. செல் முறையில் 58-க்கு 10. சில்லுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், சேதம் மிகச் சிறியதாக இருந்தால் ஒழிய.

மைக்ரோஃப்ராக்சர், அதாவது எலும்பில் சிறு துளைகள் போட்டு விடுவது, மலிவு. நார்வேயில் தொடை எலும்பில் செல் முறையோடு ஒப்பிட்டபோது 15 வருஷத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதையும் சில்லுக்குக் கொண்டுவர வேண்டாம். முதல் பத்தியில் பார்த்ததுதான் காரணம்: தொடை எலும்பின் முடிவு சில்லுக்கு அப்படியே பொருந்தாது.

அப்புறம், இறந்தவர் தானமாகத் தந்த மூட்டிலிருந்து எலும்போடு எடுத்து வைப்பது. கலிஃபோர்னியாவில் 28 சில்லுகளைப் பார்த்த 2015 ஆய்வில் பத்து வருஷம் தாங்கியவை சுமார் 78 சதவீதம், 15 வருஷத்தில் சுமார் 56. இதை மேலே செல் முறைக்குச் சொன்ன 92-உடன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தப்பு: அது நோயாளியின் திருப்தி, இது ஒட்டின், அதாவது வைத்த துண்டின், ஆயுள். அதோடு, தான ஒட்டு வைத்துக்கொண்டவர்களில் ஏற்கெனவே வேறு ஆபரேஷன் தோற்று வந்தவர்கள் நிறைய.

இளவயது, எலும்பு நன்றாக இருக்கிறது, குருத்தெலும்பு மட்டும் போயிருக்கிறது என்றால் செல் முறை, தடத்தையும் சரிசெய்துகொண்டு. அடியிலுள்ள எலும்பும் கெட்டிருந்தால் தான ஒட்டு. சில்லும் எதிரே உள்ள பள்ளமும் இரண்டுமே முழுக்கத் தேய்ந்துவிட்டவருக்கு இவை எதுவும் சரிவராது. அங்கே பேச வேண்டியது செயற்கை மூட்டைப் பற்றி.