சில்லறை செலவுக்கு யுபிஐ லைட்டா, நேரடி யுபிஐயா?

டீ, காய்கறி, ஷேர் ஆட்டோ மாதிரி செலவுக்கெல்லாம் நான் யுபிஐ லைட்டுக்கு (யுபிஐ ஆப்லயே கொஞ்சம் காசை முன்னாடியே தனியா ஏத்தி வெச்சு செலவு பண்றது) மாறிட்டேன், பெரிய தொகைக்கு மட்டும் பழையபடி அக்கவுண்ட்ல இருந்து நேரடியா. ரெண்டும் ஒரே ஆப், ஒரே க்யூஆர், சார்ஜும் கிடையாது. லைட்ல பின் கேக்காது, ஒரு தடவைக்கு 1000 ரூபா வரைக்கும் அனுப்பலாம், உள்ள 5000 வரைக்கும் வெச்சுக்கலாம்.

என்னை மாற வெச்சது பணம் நடுவுல மாட்டுறதுதான். சாயங்காலம் கடைல கூட்டமா இருக்கும்போது 40 ரூபா அனுப்புறோம், வட்டம் சுத்திட்டே இருக்கு, பேங்க்ல இருந்து டெபிட் மெசேஜும் வந்துடுச்சு, ஆனா கடைக்காரர் நம்ம ஸ்க்ரீனை ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு, அவர் காது பூரா அந்த சவுண்ட் பாக்ஸ் மேலதான், அது வாய திறக்கலன்னா காசு வரல, அவ்ளோதான். போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டுற ஆளுங்க இருக்கறப்ப அவரை என்ன சொல்றது, பாக்கெட்ல இருந்து இன்னொரு 40 எடுத்து குடுத்துட்டு வரணும். கடைக்கு போய் சேராத பணம் 5 நாளுக்குள்ள தானா திரும்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபா தரணும்னு ஆர்பிஐ 2019லயே ரூல் போட்டிருக்கு. எனக்கும் திரும்பி வந்திருக்கு. ஆனா அதுவரைக்கும் 40 ரூபாக்காக யாரு பாஸ்புக்கை பாத்துட்டு உக்காந்திருக்கறது?

லைட்ல காசை முன்னாடியே தனியா எடுத்து வெச்சுடறதால ஒவ்வொரு டீக்கும் பேங்க் சர்வர் கதவை தட்ட வேண்டியதில்ல, பேங்க் திணறுற நேரத்துலயும் பெரும்பாலும் போயிடுது. ஸ்டேட்மென்ட்லயும் காசு ஏத்தின ஒரு வரி மட்டும்தான் வரும் (கணக்கு எழுதுறவங்களுக்கு இது தொல்லை, ஆப் ஹிஸ்டரிலதான் தேடணும்).

பயம் இல்லாம இல்ல. லாக் எடுத்த போன் இன்னொருத்தர் கைல சிக்கினா உள்ள இருக்கறது போச்சு, பின் கேக்காதே. எனக்கு இதுவரைக்கும் போன் தொலைஞ்சதில்ல, அதனால அந்த பக்கம் அனுபவமா சொல்ல ஒண்ணுமில்ல, காசு குறைஞ்சா தானா ஏத்திக்கற ஆட்டோ டாப்அப்பை ஆஃப் பண்ணிட்டு கொஞ்சமா ஏத்தி வெச்சுக்கறேன். போன் மாத்துறதுக்கு முன்னாடி லைட்டை க்ளோஸ் பண்ணிடுங்க, மிச்சம் அக்கவுண்டுக்கே வந்துடும்.

அம்மா போன்ல மட்டும் இதை போடல. பின் அடிச்சாதான் காசு போகும்ங்கறது அவங்களுக்கு ஒரு தைரியம், காசு வாங்கறதுக்கு எவனாவது பின் அடிக்க சொன்னா கட் பண்ணிடுன்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன்.