மான்செஸ்டரில் மூன்று வருடம், துபாயில் நான்கு வருடம்: டேட்டிங் செயலிகளில் நான் பார்த்தது

நான் திருச்சிக்காரி. 2017ல் மேற்படிப்புக்காக மான்செஸ்டர் போனேன். படிப்பு முடிந்து அங்கேயே வேலை பார்த்து, 2020 கடைசியில் கிளம்பினேன். 2021லிருந்து துபாயில் கணக்குத் தணிக்கை வேலை. இரண்டு ஊரிலும் துணை தேடியிருக்கிறேன், பெரும்பாலும் போன் வழியாகத்தான். அங்கே டிண்டர், பம்பிள், ஹிஞ்ச். இங்கே முஸ்லிம்கள் துணை தேடும் செயலிகளான மஸ், சலாம்ஸ், நடுவில் மறுபடி கொஞ்ச நாள் ஹிஞ்ச். வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்கள் சிலர் "எதைப் போடலாம்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

ஹிஞ்சில் ஆறு படம், மூன்று வரி போட வேண்டும். பாதி வாக்கியத்தை அதுவே தரும், மீதியை நாம் நிரப்பணும். எதிரில் இருப்பவர் ஒரு படத்தையோ ஒரு வரியையோ தொட்டு "இது பிடித்தது" என்று சொல்லலாம், பேச்சு அங்கிருந்து தொடங்கும். இந்த முறை எனக்கு உண்மையிலேயே பிடித்தது. எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டுத்தான் ஒருவர் பேச வந்தார். கஞ்சியில் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டார், வெந்தயம் என்றதும் ஆச்சரியப்பட்டார். நல்ல மனிதர். நான்கு மாதம், சனிக்கிழமை தவறாமல் நார்தர்ன் குவார்ட்டரில் ஒரு காபிக்கடையில் சந்தித்தோம்.

ஐந்தாவது மாதம், "நம்மை என்னவென்று சொல்வது?" என்று கேட்டேன். "இப்போதே பெயர் வைக்கணுமா?" என்றார். அடுத்த சனிக்கிழமை வேலை இருக்கிறது என்றார். அதற்கடுத்த வாரம் நான் அனுப்பிய செய்திக்கு இரண்டு நீலக் குறி மட்டும் வந்தது. அதன்பிறகு எதுவும் வரவில்லை. கூட வேலை பார்த்த பெண்கள் "கோஸ்டிங், எல்லாருக்கும் நடப்பதுதான்" என்றார்கள். அவர்களுக்கும் அது வலித்திருக்கிறது, பேச்சிலேயே தெரிந்தது. ஆனால் அதை ஊர் வழக்கமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்த நான்கு மாதத்தில் அவருடைய அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அங்கே வீட்டாரைப் பார்ப்பது கடைசிப் படி. அதற்கு முன் "வீட்டில் யார் யார்?" என்று கேட்டாலே அவசரப்படுகிறோம் என்று நினைப்பார்கள்.

துபாய் வந்து அறைத்தோழியாகக் கிடைத்தவள் அம்மானில் பிறந்த ஜோர்டான்காரி. அவள்தான் மஸ் போடச் சொன்னாள். பதிவு செய்யும்போதே என்ன பிரிவு, எந்த அளவுக்குத் தொழுவீர்கள், எவ்வளவு காலத்துக்குள் திருமணம், வேறு நாட்டுக்குப் போகச் சம்மதமா என்று வரிசையாகக் கேட்டது. மான்செஸ்டரில் ஐந்தாவது மாதம் நான் கேட்கத் தயங்கிய கேள்விக்கு இங்கே முதல் ஐந்து நிமிடத்திலேயே பதில் எழுத வேண்டியிருந்தது. எனக்கு மூச்சு முட்டவில்லை, பெரிய நிம்மதியாகத்தான் இருந்தது.

படத்தை மங்கலாக்கி வைக்கும் வசதி அதில் உண்டு. யாருக்குக் காட்டலாம் என்று நாமே தீர்மானிக்கலாம். முகமே போடாதவர்களும் நிறைய. காபிக் கோப்பை, கார் ஸ்டியரிங், கைக்கடிகாரம் என்று வைத்திருப்பார்கள். முதலில் ஏமாற்றுக்காரர்களோ என்று நினைத்தேன். தோழிதான் விளக்கினாள். அரபு வீடுகளில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து, பெரியவர்கள் இருக்க ஒருமுறை பெண்ணைப் பார்ப்பதை 'நஸ்ரா ஷரிய்யா' என்பார்கள். முறையோடு பார்ப்பது என்று பொருள். எண்ணம் உறுதியான பிறகுதான் முகம். படத்தை மங்கலாக்குவதும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் என்றாள். பெண் பார்க்கும் வீட்டில் வளர்ந்த நமக்கு இது புரியாததல்ல.

அப்புறம் 'வலி', அதாவது திருமணத்தில் பெண் சார்பில் நிற்கும் பொறுப்பாளர். உங்கள் பொறுப்பாளர் ஒருவரின் விவரத்தைச் சேர்த்துவிட்டால், உரையாடலின் நகல் அவருக்கு மின்னஞ்சலில் போய்விடும். நிக்காஹ்வில் நாம் வலிகாரர் என்று சொல்கிறோமே, அவரேதான். நான் அண்ணனைச் சேர்த்தேன். எதிரில் பேசுபவரிடமும் அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் அப்படியே போய்விட்டார்கள். போனது நல்லது. ஒருநாள் இரவு திருச்சியிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். "என்னம்மா, ரெண்டாவது நாளே மஹர் எவ்வளவுன்னு கேக்கிறாரு?" என்றான். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை. கேட்டவர் அவசரக்காரரோ என்று அவனுக்குச் சந்தேகம். அரபு வழக்கத்தில் அது நேரடியாகப் பேசும் விஷயம், ஒளித்துப் பேசினால்தான் சந்தேகப்படுவார்கள் என்று சொல்லி ஆற்றினேன். சொன்னேனே தவிர, இரண்டாவது நாள் எனக்கும் சீக்கிரமாகத்தான் பட்டது.

குறைகளையும் சொல்லணும். துபாயில் என்னை அதிகம் நோகடித்தது நாட்டுக் கணக்கு. லெவன்ட் (சிரியா, லெபனான், ஜோர்டான் பக்கம்) மட்டும், வளைகுடா மட்டும் என்று பலர் எழுதியே வைத்திருந்தார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர், நான் இந்தியா என்றதும் "வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்" என்று முடித்துக்கொண்டார். வீட்டை முதல் நாளே உள்ளே கூட்டி வந்தால், வீட்டின் பாகுபாடும் சேர்ந்துதான் வரும். மான்செஸ்டரிலும் நிறத்தைப் பார்த்து ஒதுக்குபவர்கள் இருந்தார்கள், ஆனால் யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டில் எது மேல் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

இன்னொருவர் தனக்கு மனைவி இருப்பதை இரண்டு மாதம் மறைத்தார். அமீரகச் சட்டம் முஸ்லிம் ஆணுக்கு இரண்டாம் திருமணத்தை அனுமதிக்கிறது, அதை அவர் தைரியமாகச் சொல்லியிருக்கலாம். அண்ணன் "அவங்க வீட்டுப் பெரியவங்க யார்கிட்டயாவது பேசணும்" என்று கேட்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. வலிகாரர் வசதியை அதுவரை ஒரு மரியாதைக்காகத்தான் வைத்திருந்தேன். அன்றிலிருந்து அது எனக்குப் பாதுகாப்பு.

உறவு முடியும் விதமும் வேறு. இங்கே பேச்சு சரிவராவிட்டால் "கிஸ்மா வ நஸீப்" என்பார்கள். பங்கும் விதியும் அப்படி அமைந்தது என்று அர்த்தம். எனக்கு முதன்முதலில் அதைச் சொன்னவர் ஒரு பாலஸ்தீனக்காரர். ஒரு துஆவும் செய்துவிட்டு விடைபெற்றார். எங்கள் அம்மா போனில் தினமும் சொல்லும் "நஸீபு இருந்தா நடக்கும்" என்பதை முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து கேட்டபோது, வருத்தத்திலும் மனசு லேசானது. வெறும் நீலக் குறியோடு நின்ற அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

நடைமுறையில் சில விஷயங்களை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், அழைத்துப் பேச முடியாது. அதனால் சீக்கிரமே சாதாரண போன் நம்பரைக் கேட்பார்கள். அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம், போட்டிம் மாதிரி அனுமதி உள்ள செயலிகள் இருக்கின்றன. மான்செஸ்டரில் யாராவது கிறுக்குத்தனமாக எழுதினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தோழிகள் குழுவில் போடுவோம். இங்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒருவருடைய படத்தையோ உரையாடலையோ அவர் சம்மதம் இல்லாமல் பகிர்ந்தால் இணையக் குற்றச் சட்டத்தில் வழக்கு வரும். மணமாகாதவர்கள் ஒரே வீட்டில் வசிப்பதைக் குற்றமாகக் கருதுவதை 2020 நவம்பரில் கைவிட்டார்கள். அதை வைத்து எல்லாமே தளர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

தன்பால் ஈர்ப்புள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. எகிப்து, இராக், ஜோர்டான் ஆகிய 3 நாடுகளில் பாதுகாப்புப் படையினர் டேட்டிங் செயலி, ஃபேஸ்புக் வழியாக ஆட்களைப் பொறிவைத்துப் பிடித்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2023ல் ஆவணப்படுத்தியது. தன்பால் உறவைக் குற்றமாக்கும் சட்டம் உள்ள நாடுகளில் செயலியைத் திறந்தால் எச்சரிக்கும் வசதியை டிண்டர் 2019லேயே கொண்டுவந்தது. அந்த எச்சரிக்கை வந்தால் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

'அரபு', 'மேற்கு' என்று நான் பிரித்துப் பேசினாலும், செயலியை உருவாக்குபவர்கள் அப்படிப் பிரிந்து நிற்கவில்லை. மஸ் லண்டனில் உருவானது. மஸ்மேட்ச் என்ற பழைய பெயரை, மேட்ச் குழுமம் தொடுத்த வணிகக்குறி வழக்கில் 2022ல் தோற்றபின் மாற்றிக்கொண்டது. சலாம்ஸ் அமெரிக்காவில் பிறந்தது. கெய்ரோவில் தொடங்கிய ஹார்மோனிக்காவை 2019ல் அதே மேட்ச் குழுமம் வாங்கி ஹவாயா என்று பெயர் மாற்றியது. டிண்டரும் ஹிஞ்சும் அவர்களுடையதுதான். ஆக, எந்த நாட்டுச் செயலி என்று பார்ப்பதில் பயனில்லை. முதல் நாள் அது உங்களிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

எதைப் போடலாம் என்றால் என் பதில் இதுதான். வீட்டுக்குத் தெரியாமல் மூன்று மாதம்கூடப் பழக மனசு வராதவர்கள் மஸ் போடுங்கள், முதல் நாளே வலிகாரரைச் சேருங்கள். திருமணம் வேண்டும், ஆனால் ஆளைத் தெரிந்துகொண்ட பிறகுதான் வீட்டில் சொல்வேன் என்பவர்களுக்கு ஹிஞ்ச் நல்லது. 2022லிருந்து அதிலும் என்ன நோக்கத்தோடு வந்திருக்கிறோம் என்று குறிப்பிடலாம். அதைக் காலியாக விட்டிருப்பவரைத் தாண்டிப் போய்விடுங்கள். எங்கள் அலுவலகத்து மதுரைப் பெண் முஸ்லிம் இல்லை, அவளுக்கு இதே துபாயில் பம்பிள் சரியாக அமைந்தது. பல நாட்டுக்காரர்கள் வசிக்கும் ஊர் என்பதால் இங்கே அதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். டிண்டரை நான் மான்செஸ்டரில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவில்லை.

இப்போது என் போனில் மஸ் மட்டும்தான். ஹும்ஸ் ஊரைச் சேர்ந்த சிரியாக்காரர் ஒருவரோடு பத்து வாரமாகப் பேசுகிறேன். அறைத்தோழியைக் கூட வைத்துக்கொண்டு இரண்டு முறை சந்தித்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அத்தாவோடு, அதாவது என் அப்பாவோடு, பேச வேண்டும் என்று அவரே கேட்டிருக்கிறார். அத்தாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் உட்கார்ந்து சொல்ல அண்ணன் லீவு போட்டிருக்கிறான்.